சிறுவர் கல்வியின் முன்னோடி மரியா மொண்டிசோரி அம்மையார் (1870 – 1952)



மொண்டிசோரி என்னும் சொல்லை அறியாதவர் உங்களில் ஒருவரும் இருக்கமாட்டீர்கள். முதலாந் தரத்திற் சேர்வதற்கு முன்னர் உங்களிற் பலர் மொண்டிசோரிக்குச் சென்றிருப்பீர்கள். இன்றும் நம் நாட்டிலே முன்பள்ளி என்பதற்குப் பதிலாக மொண்டிசோரி என்றே பல பெற்றோர் சொல்கின்றனர். ஆனால் இது ஒரு பள்ளிக்கூட வகையின் பெயராகத் தோன்றியதன்று. இத்தாலி நாட்டிற் பிறந்த ஒரு பெண்மணியின் குடும்பப் பெயரே இவ்வாறு உலகெங்கும் பரவியது. அவர் யார், சிறு பிள்ளைகள் விளையாடுவது போலவே எழுதவும் வாசிக்கவும் கற்கலாம் என்பதை அவர் எவ்வாறு கண்டறிந்தார், அதற்காக அவர் எவற்றை இழந்தார் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. பிறப்பும் இளமைக் காலமும்

மரியா மொண்டிசோரி 1870 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31 ஆம் திகதி இத்தாலியின் அன்கோனா மாகாணத்திலுள்ள கியராவலே என்னும் சிறு நகரிலே பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ மொண்டிசோரி அரசாங்க நிதி அமைச்சின் கீழ்ப் பணியாற்றிய உத்தியோகத்தர். தாயார் ரெனில்டே ஸ்டொப்பானி, அக்காலத்துப் பெண்களுக்கு அரிதாகக் கிடைத்த கல்வியைப் பெற்றிருந்தவர். மரியா இவர்களின் ஒரே பிள்ளை ஆவார்.

தந்தையின் உத்தியோகம் காரணமாகக் குடும்பம் முதலிற் புளோரன்ஸ் நகருக்கும், 1875 இல் ரோம் நகருக்கும் இடம்பெயர்ந்தது. ரோம் அப்பொழுதுதான் இத்தாலியின் தலைநகராகியிருந்தது. அங்குள்ள பாடசாலைகளும் பல்கலைக்கழகமும் மரியாவுக்குக் கிடைத்தமை அவரது வாழ்வின் முதலாவது வாய்ப்பு எனலாம்.

அக்காலப் பெண்பிள்ளைகள் படித்தாலும் ஆசிரியைகளாவதற்கே படித்தனர். மரியாவோ கணிதத்தில் விருப்பங் கொண்டவராய், பொறியியலாளராகும் எண்ணத்துடன் 13 வயதில் ஆண்கள் பயிலும் தொழினுட்பப் பாடசாலையிற் சேர்ந்தார். பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றி மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். தந்தைக்கு இதில் உடன்பாடில்லை. தாயாரே மகளின் பக்கம் நின்றார்.

2. மருத்துவக் கல்விக்கான போராட்டம்

1890 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானப் பாடநெறியிற் சேர்ந்த மரியா, அதனை முடித்து 1893 இல் மருத்துவக் கல்விக்குள் நுழைந்தார். ஒரு பெண் தம்மோடு படிப்பதை ஆண் மாணவர் பலர் விரும்பவில்லை. உடற்கூற்று வகுப்பில் இறந்த உடலை ஆண்களோடு ஒன்றாக நின்று ஒரு பெண் ஆராய்வது தகாது எனக் கருதப்பட்டது. ஆகவே வகுப்பு முடிந்து எல்லோரும் சென்ற பின்னர் அவர் தனியாகவே அவ்வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. பிணங்கள் கிடந்த அறையில் தன்னந்தனியே நின்று படித்த அந்த இளம் பெண்ணின் மனவுறுதியை நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

1896 ஆம் ஆண்டு யூலை மாதம் 10 ஆம் திகதி அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் இவரே எனச் சில நூல்கள் கூறும். அது சரியன்று. இவருக்கு முன்னரும் ஒரு சிலர் பட்டம் பெற்றிருந்தனர். எனவே இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்று எழுதுவதே பொருத்தமானது. அதே ஆண்டு பேர்லினில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டிலே இத்தாலியின் சார்பிற் கலந்துகொண்டு, ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என வாதாடினார்.

3. கைவிடப்பட்ட பிள்ளைகளும் தாம் பிரிந்த மகனும்

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவிற் பணியாற்றிய மரியா, அப்பணிக்காக நகரிலிருந்த மனநோயாளர் விடுதிகளுக்குச் சென்று வந்தார். மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களையும் அக்காலத்தில் அங்கேயே அடைத்து வைத்திருந்தனர். ஓர் அறையில் இருந்த சிறுவர்கள் சாப்பாடு முடிந்ததும் நிலத்தில் விழுந்து பாண் துணிக்கைகளைத் தேடுகின்றனர் என்று அங்கிருந்த பணிப்பெண் வெறுப்போடு முறையிட்டார் என்றும், மரியா சுற்றிப் பார்த்தபோது அவ்வறையிலே கையாற் பிடித்து விளையாட ஒரு பொருளுமே இல்லாதிருப்பதைக் கண்டார் என்றும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். அச்சிறுவர்கள் தேடியது உணவையன்று; தம் கைகளுக்கு ஒரு வேலையையே என்பது அவருக்கு விளங்கியது.

இதன் பின்னர், பிரான்சிய மருத்துவர்களான இட்டார், செகுவின் ஆகிய இருவரின் நூல்களை அவர் ஆழ்ந்து படித்தார். தொட்டும் பிடித்தும் அறியத்தக்க கருவிகளைக் கொண்டு குறைபாடுள்ள சிறுவர்களைக் கற்பிக்கலாம் என இவர்கள் முன்னரே காட்டியிருந்தனர். 1900 இல் ரோமில் இத்தகைய சிறுவர்களுக்காகவும் அவர்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும் தொடங்கிய பாடசாலைக்கு மரியா இணை இயக்குநரானார். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருந்து, இரவிலே குறிப்புகள் எழுதினார். அவர்களிற் சிலர் சாதாரண பாடசாலைப் பிள்ளைகளோடு பொதுப் பரீட்சைக்குத் தோற்றி, எழுத்திலும் வாசிப்பிலும் சித்தியடைந்தனர்.

எல்லோரும் இதைப் பாராட்டினர். மரியாவின் சிந்தனையோ வேறு திசையிற் சென்றது. குறைபாடுள்ள பிள்ளைகளே இவ்வளவு செய்வார்களாயின், நல்ல சுகத்தோடு பிறந்த பிள்ளைகள் அவர்களுக்குச் சமமான அளவிலேயே நின்றுவிடுவது ஏன்? குறை பிள்ளைகளிடம் உள்ளதா, அன்றி அவர்களைக் கற்பிக்கும் முறையில் உள்ளதா? இக்கேள்வியே அவரது பிற்கால வாழ்வை நடத்தியது.

இக்காலத்திலேதான் அவரது சொந்த வாழ்வில் ஒரு பெருந் துயரம் நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் கியுசெப்பே மொண்டசானோவுக்கும் அவருக்கும் 1898 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆம் திகதி மாரியோ என்னும் ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் திருமணம் செய்திருக்கவில்லை. அக்காலச் சமுதாயத்தில் இது வெளியே தெரிந்தால் மரியாவின் தொழில் அத்தோடு முடிந்துவிடும். குழந்தை நாட்டுப்புறத்து வளர்ப்புக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். மகன் பதின்ம வயதை அடைந்த பின்னரே இருவரும் ஒன்றாக வாழத் தொடங்கினர். உலகத்துப் பிள்ளைகளின் மனத்தை ஆராய்ந்தவருக்குத் தம் பிள்ளையின் குழந்தைப் பருவத்தை அருகிலிருந்து காணும் பேறு கிடைக்கவில்லை. இதனை மறைக்காமல் அறிந்துகொள்வதே அவரை முழுமையாக விளங்கிக்கொள்ள உதவும்.

4. குழந்தைகள் இல்லம்

1901 இல் அப்பாடசாலையை விட்டு விலகிய மரியா, மீண்டும் பல்கலைக்கழக மாணவியாகித் தத்துவம், உளவியல் முதலியவற்றைப் படித்தார். சாதாரண பிள்ளைகளிடம் தமது முறையைப் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

ரோம் நகரின் சான் லொறென்சோ பகுதி கூலித் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த வறிய பகுதியாகும். அங்கிருந்த தொடர்மாடி வீடுகளை ஒரு கட்டட நிறுவனம் திருத்தியமைத்துக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பாடசாலைக்குச் செல்லும் வயதை அடையாத பிள்ளைகள் படிகளில் ஓடித் திரிந்து, சுவர்களைக் கீறிப் பழுதாக்கினர். இப்பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டாற் கட்டடம் தப்பும் என எண்ணிய நிறுவனத் தலைவர் எடுவார்டோ டாலமோ, அப்பொறுப்பை மரியாவிடம் ஒப்படைத்தார்.

1907 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6 ஆம் திகதி, மார்சி வீதி 58 ஆம் இலக்கக் கட்டடத்தில் அவ்வறை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50 பிள்ளைகள் அங்கு வந்தனர். குழந்தைகள் இல்லம் எனப் பொருள்படும் காசா டெய் பம்பினி என்பது அதன் பெயராயிற்று. பெரும் பணமோ பயிற்றப்பட்ட ஆசிரியர்களோ இருக்கவில்லை. பிள்ளைகளோ பயந்தவர்களாகவும் போதிய உணவு இல்லாதவர்களாகவும் இருந்தனர்.

மரியா அங்கே செய்த மாற்றங்கள் இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். நிலத்தோடு பொருத்திய வாங்குகளுக்குப் பதிலாகப் பிள்ளைகள் தாமே தூக்கி வைக்கத்தக்க சிறு மேசைகளையும் கதிரைகளையும் செய்வித்தார். பொருள்களை அவர்களுக்கு எட்டும் உயரத்தில் வைத்தார். விரும்பியதை எடுத்து, விரும்பிய நேரம் வரை செய்து, முடிந்ததும் எடுத்த இடத்தில் வைக்கலாம் என்றார். ஆசிரியை இடையிற் புகாமற் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

ஒருநாள் மூன்று வயதளவான ஒரு சிறுமி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் அவற்றுக்குப் பொருத்தமான உருளைகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். மரியா மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமியைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ தன் வேலையை விடவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் செய்து முடித்தபின், களைப்பின்றி மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். சிறு பிள்ளைக்குக் கவனம் நிலைக்காது என்ற பொதுவான எண்ணம் பிழை என்பதற்கு இது சான்றாயிற்று. பெரியவர்கள் விளையாட்டு எனத் தள்ளிவிடுவதை மரியா பிள்ளையின் வேலை என்றே அழைத்தார். அந்த வேலையினூடாகவே பிள்ளை தன்னைத்தானே உருவாக்குகின்றது என்பது அவர் கொள்கை.

5. எழுத்துக்கு முன் கை

மாணவர்களே, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு இப்போது வருகின்றோம்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் மரியாவுக்கு முதலில் இருக்கவில்லை. அக்காலக் கல்வியாளரும் அதனை ஏற்கவில்லை. ஆனால் இல்லத்துத் தாய்மார் வந்து கேட்டனர். அவர்களிற் பலர் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள். தம் பிள்ளைகளாவது எழுத்தறிய வேண்டும் என்ற அவர்களின் வேண்டுகோளைத் தட்ட முடியாமல் 1907 இன் பிற்பகுதியில் அவர் அம்முயற்சியைத் தொடங்கினார்.

அப்போது பாடசாலைகளில் எழுத்துக் கற்பித்த முறை யாது? பிள்ளை முதலிற் கோடுகளையும் கொக்கிகளையும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதன் பின்னரே எழுத்து. மரியா இதனை வேறுவிதமாக நோக்கினார். எழுதுதல் என்பது ஒரு செயலன்று. பல செயல்களின் சேர்க்கை. பென்சிலைப் பிடித்து ஆளும் விரல் வலிமை ஒன்று. எழுத்தின் வடிவத்தை அறிந்திருத்தல் மற்றொன்று. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிதல் இன்னொன்று. இம்மூன்றையும் ஒரே நேரத்திற் சுமத்துவதனாலேயே பிள்ளை அழுகின்றது. ஒவ்வொன்றையும் தனித்தனியே, பிள்ளை விரும்பும் விளையாட்டாகக் கொடுத்துவிட்டால், அவை ஒருநாள் தாமாகவே ஒன்றுசேரும் என அவர் எண்ணினார்.

(அ) விரல்களைப் பழக்குதல்: உருளைகளின் சிறு குமிழைப் பெருவிரலாலும் அடுத்த இரு விரல்களாலும் பிடித்துத் தூக்கும் பிள்ளை, பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களையே பழக்குகின்றது. வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற வடிவங்கள் வெட்டப்பட்ட உலோகச் சட்டங்களைத் தாளில் வைத்து, வர்ணப் பென்சிலால் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, உட்புறத்தைக் கோடுகளால் நிரப்புவது அடுத்த விளையாட்டு. பிள்ளைக்கு இது படம் வரைதல். கைக்கு இது எழுத்துப் பயிற்சி.

(ஆ) அரத்தாள் எழுத்துக்கள்: அரத்தாளில் எழுத்துக்களை வெட்டி, வழுவழுப்பான மட்டையில் ஒட்டினார். பிள்ளை இரு விரல்களால் அவ்வெழுத்தை எழுதும் திசையிலேயே மெல்லத் தடவும். தடவும்போது அதன் ஒலியைச் சொல்லும். எழுத்தின் பெயரன்று, ஒலியே சொல்லப்பட்டது. கண் பார்க்க, காது கேட்க, விரல் உணர, ஓர் எழுத்து மூன்று வழியாற் பிள்ளையிடம் சென்றது. கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது எந்த எழுத்து எனக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு மிக விருப்பமான விளையாட்டாயிற்று. இதே வேலைக்கு முன்னர் மரத்திற் செய்த எழுத்துக்களைப் பயன்படுத்தியிருந்தார். அவற்றுக்குச் செலவு அதிகம். வறுமையே மலிவான அரத்தாளைக் கண்டுபிடிக்க வைத்தது.

(இ) அசையும் எழுத்துக்கள்: மட்டையில் வெட்டிய எழுத்துக்கள் அறைகளாகப் பிரிக்கப்பட்ட பெட்டியொன்றில் வைக்கப்பட்டன. பிள்ளை ஒரு சொல்லைக் கேட்டு, அதன் ஒலிகளைப் பிரித்து, உரிய எழுத்துக்களை எடுத்து நிலத்திலே வரிசையாக அடுக்கும். பென்சில் பிடிக்காமலே சொல்லை எழுதும் வழி இது.

6. மொட்டைமாடியில் ஒரு நாள்

அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் வெயில் எறித்த ஒருநாள் மரியா பிள்ளைகளோடு மொட்டைமாடிக்குச் சென்றார். அருகிலிருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் ஒரு வெண்கட்டியைக் கொடுத்து, அங்குள்ள புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். மரியா பாராட்டினார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். சற்று நேரம் பேசாதிருந்தான். திடீரெனத் தனக்கு எழுத வரும் என்று கூவினான். முழங்காலிட்டுத் தரையிலே கை என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லை எழுதினான். பின்னர் புகைபோக்கி, கூரை என்னும் சொற்களையும் எழுதினான். அவனுக்கு எவரும் அதுவரை எழுதக் கற்பித்ததில்லை. அவன் செய்ததெல்லாம் தடவியதும், வரைந்ததும், அடுக்கியதுமே.

அவனது கூச்சலைக் கேட்ட மற்றப் பிள்ளைகளும் வெண்கட்டி கேட்டு எழுதத் தொடங்கினர். அடுத்த நாள்களில் நிலத்திலும் கதவிலும் சுவரிலும் எழுத்துக்கள் தோன்றின. வீட்டிற் பாணின் மேற்புறத்திலும் எழுதப்பட்டிருக்கக் கண்ட தாய்மார் தாளும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தனர். ஒரு பிள்ளை நாள் முழுவதும் எழுதி, தாளையும் பென்சிலையும் கையில் வைத்தபடியே உறங்கிப்போனது. சுவரைக் கீறிப் பழுதாக்குகின்றார்கள் என்பதற்காக அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைகள் இப்போது அதே கைகளாற் சொற்களை எழுதினர். நத்தார் காலத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர், தம் நண்பர்களின் சார்பில் டாலமோவுக்கு வாழ்த்தும் நன்றியும் கூறிக் கடிதம் எழுதினர். அவ்வெழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துக்கு நிகராக மதிக்கப்பட்டது.

முதற் பயிற்சியிலிருந்து முதற் சொல்லை எழுதும் வரை நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதமும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு மாதமும் சென்றதாக மரியா தமது நூலிற் குறிப்பிட்டுள்ளார். இதனை வாசிக்கும்போது ஒன்றை மறவாதீர்கள். இத்தாலிய மொழியில் எழுத்துக்கள் குறைவு. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பும் ஒழுங்கானது. 247 எழுத்துக்களைக் கொண்ட நம் தமிழுக்கு அதே கால அளவை எதிர்பார்த்தல் கூடாது. முறை பொருந்தும், நாட்கணக்கு பொருந்தாது.

7. வாசிப்பு வந்த விதம்

எழுதியதை வாசிக்கும் ஆற்றல் பின்னரே வந்தது. வாசிப்பிலும் விளையாட்டையே மரியா பயன்படுத்த எண்ணினார். விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி மடித்து வைத்தார். ஒரு துண்டை எடுத்துச் சரியாக வாசிக்கும் பிள்ளை அப்பொருளை எடுத்து விளையாடலாம். ஆனால் பிள்ளைகள் துண்டை வாசித்தபின் பொருளை வாங்க மறுத்தனர். அடுத்த துண்டையே கேட்டனர். ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டுகளை வாசிப்பதே அவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சியாயிற்று. பரிசுப் பொருள் தேவைப்படவில்லை, அறிவதே பரிசாயிற்று. கற்றலைக் கசப்பான மருந்தாகவும், விளையாட்டை அதனோடு கொடுக்கும் சீனியாகவும் கருதுவோருக்கு இந்நிகழ்ச்சி நல்ல விடையாகும்.

நம்மிடையே விசயதசமி நாளில் ஏடு தொடக்கும் வழக்கம் உள்ளது. பெரியவர் ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டிலுள்ள அரிசியிலே அகரத்தை எழுதுவிப்பார். குழந்தையின் விரல் முதலில் எழுத்தைத் தொட்டே அறிகின்றது. ஆனால் அவ்விரல் அதன் பின்னர் மீண்டும் அரிசிக்கோ மணலுக்கோ செல்வது குறைவு. அடுத்த நாளே கையிற் பென்சில் கொடுக்கப்படுகின்றது. மரியாவின் முறையில் தொட்டறிதல் நாள்தோறும் நடந்தது. பிள்ளையின் விரலை எவரும் பிடித்து இழுக்கவில்லை. பிள்ளை தானே விரும்பித் தடவியது. இவ்வேறுபாட்டைச் சிந்தித்துப் பாருங்கள்.

8. உலகப் புகழும் சோதனைகளும்

1909 இல் மரியா தமது முறையை விளக்கி நூல் எழுதினார். 1912 இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 1913 இல் அமெரிக்காவுக்குச் சென்று விரிவுரையாற்றினார். 1915 இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியிலே கண்ணாடிச் சுவருடைய வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டு, பிள்ளைகள் கற்பதைப் பொதுமக்கள் வெளியே நின்று பார்த்தனர்.

எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பட்றிக் 1914 இல் எழுதிய நூலில் இம்முறையைக் கடுமையாக விமர்சித்தார். அவருக்குப் பின் அமெரிக்காவில் இம்முறையின் செல்வாக்குப் பல ஆண்டுகள் மங்கியது.

இத்தாலியில் முசோலினியின் அரசு 1924 முதல் இவரது பாடசாலைகளுக்கு ஆதரவளித்தது. மரியாவும் அவ்வாதரவை ஏற்றுக்கொண்டார். இது அவர் வாழ்வில் இன்றுவரை விமர்சிக்கப்படும் ஒரு விடயமாகும். தாமே சிந்திக்கும் பிள்ளைகளை வளர்க்கும் கல்வியும், சொன்னதைக் கேட்கும் படைவீரரை விரும்பும் ஆட்சியும் நெடுநாள் ஒன்றாக இருக்க முடியவில்லை. 1934 இல் அத்தொடர்பு முறிந்தது. ஜேர்மனியிலும் நாசி ஆட்சி இவரது பாடசாலைகளை மூடியது. பார்சலோனா நகரில் வாழ்ந்துவந்த மரியா, 1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்து வெளியேறி நெதர்லாந்தைச் சென்றடைந்தார்.

9. சென்னையிலும் இலங்கையிலும்

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா 1939 நவம்பரில் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்து, அடையாற்றிலே பயிற்சிநெறி நடத்தினார். ஏறத்தாழ 300 பேர் அதிற் பங்குபற்றினர். அப்போதைய சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேல், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவர் ஆவார்.

1940 யூனில் இத்தாலி, பிரித்தானியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியாவிலிருந்த இத்தாலியர் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டனர். மாரியோ அகமதுநகர் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார். மரியா அடையாறு வளாகத்துக்குள் இருத்தப்பட்டார். குழந்தைப் பருவத்திற் பிரிந்த மகனை முதுமையில் மீண்டும் பிரிய நேர்ந்தது. அவரது 70 ஆவது பிறந்தநாளான 1940 ஓகஸ்ட் 31 இல் மாரியோ விடுவிக்கப்பட்டு அன்னையிடம் அனுப்பப்பட்டார்.

பின்னர் கொடைக்கானலில் தங்கி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கு இயற்கையோடு இணைந்த கல்வியை வழங்கினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அங்கு அவரோடு பணியாற்றினார். 1944 இல் மரியா இலங்கைக்கும் வந்து ஆசிரியர் பயிற்சிநெறி நடத்தினார். போர் முடிந்தபின் 1946 இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினாலும், 1947 இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து பணியைத் தொடர்ந்தார். பிறந்தது முதல் ஆறு வயது வரையான காலத்தில் பிள்ளையின் மனம் சூழலை உறிஞ்சிக்கொள்கின்றது என்பதை விளக்கும் அவரது புகழ்பெற்ற நூல் 1949 இல் சென்னையிலேதான் முதலில் வெளிவந்தது.

10. இறுதிக் காலம்

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி, நெதர்லாந்தின் கடலோர ஊரான நோர்ட்விக்கில் தமது 81 ஆவது வயதிற் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மகனோடு சேர்ந்து 1929 இல் நிறுவிய சர்வதேச மொண்டிசோரிச் சங்கத்தை மாரியோ தொடர்ந்து நடத்தினார். இத்தாலி தனது 1000 லீரா நாணயத்தாளில் மரியாவின் உருவத்தைப் பொறித்துப் பெருமைப்படுத்தியது. 2002 இல் யூரோ புழக்கத்துக்கு வரும் வரை அத்தாள் மக்களின் கைகளில் இருந்தது.

11. மதிப்பீடு

மரியாவின் முறையிற் குறைகள் இல்லாமலில்லை. கற்பனை விளையாட்டுக்கும் கதைக்கும் அவர் கொடுத்த இடம் போதாது என்பர் சிலர். கருவிகள் விலையுயர்ந்தவை என்பர் வேறு சிலர். வறிய பிள்ளைகளுக்காக அரத்தாளில் தோன்றிய ஒரு முறை, பிற்காலத்திற் பல நாடுகளில் வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே கிடைக்கும் ஒன்றாக மாறியமை வருந்தத்தக்கது.

நம் நாட்டைப் பொறுத்தவரை வேறொரு விடயத்தையும் சொல்ல வேண்டியுள்ளது. பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்றிருப்பதால் மட்டும் ஓர் இடம் மரியாவின் வழியில் நடப்பதாகாது. மூன்று வயதுப் பிள்ளையின் கையிற் பென்சிலைத் திணித்து, கொப்பியில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவித்து, மிகுதியை வீட்டு வேலையாகக் கொடுத்தனுப்பினால், அது மரியா எதிர்த்த முறையேயாகும். பிள்ளை விரைவாக எழுதவில்லையே எனப் பெற்றோர் அவசரப்படுவதும் இதற்குக் காரணம். மணலிலும் மாவிலும் விளையாடும் கை வீணே காலங்கழிக்கவில்லை. அது எழுதுவதற்கு ஆயத்தமாகின்றது என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ நான்கு வயதுத் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். பழைய மட்டையில் அரத்தாளை வெட்டி ஒட்ட அரைமணி நேரம் போதும். பெயரின் முதல் எழுத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளை தடவட்டும், நீங்கள் ஒலியைச் சொல்லுங்கள். போதும் என்று அது எழுந்து சென்றால் விட்டுவிடுங்கள். மீண்டும் தானாக வரும்.

நினைவிற் கொள்க

• 1870 – கியராவலேயில் பிறப்பு
• 1896 – மருத்துவப் பட்டம்
• 1907 – ரோமில் முதலாவது குழந்தைகள் இல்லம்
• 1909 – முதல் நூல் வெளியீடு
• 1929 – சர்வதேச மொண்டிசோரிச் சங்கம்
• 1939 – சென்னை வருகை
• 1944 – இலங்கையில் பயிற்சிநெறி
• 1952 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. மரியா மருத்துவம் பயின்ற காலத்தில் எதிர்கொண்ட இடர்கள் இரண்டினைக் குறிப்பிடுக.
2. பாண் துணிக்கைகளைத் தேடிய சிறுவர்களிடமிருந்து அவர் விளங்கிக்கொண்டது யாது?
3. எழுதுதலில் அடங்கியுள்ள மூன்று செயல்களையும், அவை ஒவ்வொன்றுக்கும் அவர் அமைத்த விளையாட்டையும் எழுதுக.
4. விளையாட்டுப் பொருளை வாங்காது அடுத்த துண்டைக் கேட்ட பிள்ளைகளின் செயல் எதனை உணர்த்துகின்றது?
5. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுப்பது பற்றிய உமது கருத்தை, இக்கட்டுரையிலிருந்து இரு காரணங்கள் காட்டி 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதுக.